பச்சைப் பொட்டு

என் சித்தியின் மகளுடைய கணவர் அந்தக் காரில் ஏறி ஒருநாளும் எங்கும் போனதில்லை. கடைக்குப் போனதில்லை, கோயிலுக்குப் போனதில்லை, தெருமுனை வரைகூடப் போனதில்லை. சிட்னியில், டூங்கபியில் அவர்கள் வீட்டுக் கராஜில், சக்கரங்களைக் கழற்றி, நான்கு இரும்புக் கால்களின் மேல் மூன்று வருடம் அதை நிறுத்தி வைத்திருந்தார். தங்கச்சி தன் காரை அந்த மூன்று வருடமும் தெருவில் விட்டாள். ஒருதரம் பெய்த ஆலங்கட்டி மழையில் அதன் கூரை அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலாகிவிட்டது. அதற்காக அவர் கவலைப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நான் தம்பி என்று கூப்பிடுகிற அவர் பல் வைத்தியர். பென்டில் ஹில்லில் சொந்தக் கிளினிக். கார், எண்பதுகளின் கடைசியில் மெல்பேர்னில் செய்யப்பட்ட எட்டு சிலிண்டர் வண்டி. அந்த வகையில் கொஞ்சம்தான் செய்தார்களாம். அந்தக் காலத்தில் இவர் கொழும்பில் அரைக் காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். அந்தக் காரில் ஏறியதும் இல்லை, ஏறியவரைத் தெரிந்ததும் இல்லை. வாய்க்குள் பஞ்சு இருக்கும்போதே ஒரு நோயாளி அதைப் பற்றிச் சொன்னாராம். அன்றிலிருந்து இவருக்கும் பிடித்துவிட்டது.

ஓட்டுவதற்காக அவர் அதை வாங்கவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு துண்டும் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், அப்படி இருக்கிறது என்று பிறர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது எந்த ஊர், ஊரில் எந்தப் பகுதி, தாய்வழியில் யார் என்று துருவுவார்களே, அந்த மாதிரி அவர் நட்டையும் போல்ட்டையும் விசாரித்தார். தலையில் யாருடைய முத்திரை? தகட்டில் எந்த மாதத்து இலக்கம்? காருக்கு முன் பிறந்ததா, பின் பிறந்ததா? பின் பிறந்தது என்றால் அதற்குப் பந்தியில் இடமில்லை. அது உறுதியாக இருக்கிறதா, வேலைக்கு உதவுமா என்று ஒருநாளும் அவர் கேட்கவில்லை. கலியாணப் பேச்சிலும் அதை யாரும் கேட்பதில்லை.

என் கணவர் இறந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போவது என் வழக்கம். பதினொரு வருடமாகப் போய்வருகிறேன். அவ்வளவு காலமும் அவர் என்னிடம் பேசியது "அக்கா, சோறு காணுமோ, இன்னும் போடவோ?" என்ற ஒரு வசனம்தான். ஒரு ஞாயிறு தங்கச்சி குசினியிலிருந்து கறிச்சட்டியோடு வந்தவள், சும்மா போகிற போக்கில் சொன்னாள்.

"உங்கட தகடு, பூச்சு எல்லாம் அக்காட்டக் கேளுங்கோவன். அவ மெல்பேர்னில உந்த வேலைதானே செய்தவ."

அவர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். பதினொரு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"உண்மையாவோ அக்கா? காருக்குப் போற சாமான் உங்கட கையாலயோ போனது?"

"ஓம். கையாலதான். மெஷின் வாங்க முதலாளிக்கு மனம் வரேல்ல."

அது உண்மை. நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். இங்கே வந்தபோது அந்தக் காகிதத்தை ஒருவரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மெல்பேர்னின் டாண்டினோங்கில், கார்க் கம்பனிகளுக்குச் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்குப் பூச்சுப் போட்டுக் கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. இரும்பைக் கழுவு, அமிலத்தில் தோய், துத்தநாகம் ஏற்று, பிறகு குரோமேட் தொட்டியில் சில விநாடி அமுக்கி எடு. அந்தக் கடைசித் தொட்டியில்தான் மஞ்சள் நிறம் வரும். வெறும் மஞ்சள் இல்லை. தண்ணீரில் எண்ணெய் விழுந்தால் தெரியுமே, அப்படிப் பச்சையும் ஊதாவும் ஓடும் மஞ்சள். அந்த மஞ்சளில்தான் இந்த மனிதருக்குப் பித்து.

சாப்பாடு முடிய முன்னமே கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீளமான மேசையில் நெகிழித் தட்டுகள். தட்டுகளில் பெயர் எழுதிய பைகள். பைகளுக்குள் நட்டுகள். பிரேத அறையில் சாமான் அடுக்கியது போல இருந்தது. இரண்டு போல்ட்டுகளை வெளிச்சத்தில் காட்டினார்.

"இது பழைய பூச்சு. இது இப்ப நான் செய்விச்சது. நிறம் வித்தியாசம், தெரியுதோ? இப்பத்தைய மஞ்சள் செத்துப்போன மஞ்சள். ஒருத்தரும் பழைய மாதிரிச் செய்யீனமில்லை."

"செய்ய விடமாட்டினம். அந்தப் பழைய குரோமேட் நஞ்சு. புற்றுநோய் வரும்."

"தெரியும் அக்கா. ஆனா எங்கையாவது ஒளிச்சுச் செய்வினம்தானே? உங்களோட வேலை செய்த ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

நான் வலது கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பெருவிரல் அடியிலும் நடுவிரல் மூட்டிலும் வட்டமாக மூன்று குழிகள் இருக்கின்றன. தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், அந்தத் திரவம் அதற்குள் இறங்கிக் கிணறு வெட்டுவது போல வெட்டும். நோகாது. அதுதான் அதன் சூழ்ச்சி. காயம் தெரியவரும்போது எலும்புக்குக் கிட்டப் போயிருக்கும். ஆற மாதக்கணக்காகும்.

படித்த வைத்தியர். என் கையைப் பிடித்து, கண்ணாடியை உயர்த்தி, அந்தக் குழிகளைக் கவனமாகப் பார்த்தார். "சீ, பாவம்" என்றார். கையை விட்டார். பிறகு அந்தப் பழைய போல்ட்டை எடுத்து என்னிடம் கேட்டார்:

"ஆனா அக்கா, நிறம் இதுதானே? சரியா இதுதானே?"

அன்று பின்னேரம் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அவரை என்ன சொல்லி ஏசலாம் என்று யோசித்தேன். பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. பாவி என்று சொல்ல அவரிடம் அவ்வளவு சரக்கும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து நிபுணர் வந்தார். காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், அறுபத்தைந்து வயதிருக்கும். பழைய கார்க்காரர்களின் கழகத்தில் அவர்தான் இந்த வகைக் கார்களுக்கு வேதம். எந்தத் துண்டுக்கு எந்தப் பூச்சு, எந்த இடத்தில் எந்த நிற அடையாளம் என்று எல்லாவற்றையும் தொகுத்து ஒரு தடித்த கோப்பு வைத்திருந்தார். அதைப் பதிப்பித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கப் போகிறாராம். கழகத்தின் பெரிய கார்க் காட்சிப் போட்டிக்கு முன் தன் காரைப் பார்த்து ஒப்புதல் சொல்லும்படி தம்பி அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். என்னையும் கட்டாயம் வரச் சொன்னார். பரிமாற அல்ல, காட்ட. தொழிற்சாலைக் காலத்து ஆள் ஒருத்தி தன் குடும்பத்திலேயே இருக்கிறாள் என்று.

நிபுணரிடம் சின்ன டார்ச், கம்பியில் பூட்டிய கண்ணாடி, காந்தம், பூதக்கண்ணாடி எல்லாம் இருந்தன. பூப்போல நடந்து, தகடுகளின் அடிப்பக்கம் பார்த்தார். மேல்பக்கத்தை யாரும் மினுக்கலாம், அடியில்தான் உண்மை இருக்கும் என்றார். அதில் பிழையில்லை. எண்களை வாசித்து, "ம்" என்றார். ஒவ்வொரு "ம்"முக்கும் தம்பியின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. தன் கிளினிக்கில் எத்தனை பேரை இப்படிக் கதிரையில் கிடத்திப் பதற வைத்திருப்பார்! அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம்.

கடைசியில் தம்பி அலுமாரியைத் திறந்து, மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஒரு சாமானை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். காரின் பற்றரியை அசையாமல் பிடித்து வைக்கிற இரும்புப் பட்டை. ஒருநாளும் காரில் பூட்டாதது. அடிலெய்டில் யாரோ ஒருவரின் கொட்டிலில் பெட்டியோடு கிடந்ததாம். மஞ்சள் அப்படியே இருந்தது. ஒரு முனையில் பச்சை நிறத்தில் சதுரமாக ஒரு பொட்டு.

நிபுணர் கையுறை போட்டார். பட்டையை விளக்கடியில் திருப்பினார். பொட்டைக் கண்டதும் அவர் குரல் கோயிலுக்குள் பேசுகிற குரலாகியது. ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்வதென்றால்:

"இதோ. தொழிற்சாலைப் பரிசோதகரின் ஒப்புதல் அடையாளம். ஆறு மில்லிமீட்டர் தட்டைத் தூரிகையால் இடப்பட்டது. போலி செய்பவர்கள் இதில்தான் பிழை விடுவார்கள். வட்டமாக வைத்துவிடுவார்கள்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு எட்டிப் பார்த்தேன். பிறகு விளங்கியது.

அந்தப் பொட்டை வைத்தவள் நான்.

பட்டறையில் ஆங்கிலத்தில் எழுதிய விதிகளை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், ஒரு வருடத்துக்குப் பிறகு என்னைக் கடைசி மேசையில் போட்டார்கள். பூச்சுப் போட்டு வந்த சாமானைச் சரி பார்க்கும் வேலை. சரியாக இருந்தால் ஒன்றும் செய்வதில்லை, பெட்டிக்குள் போடுவோம். வளைந்து கெட்டிருந்தால் சிவப்புப் பொட்டு, குப்பைக்கு. பூச்சு மட்டும் பிழை என்றால் பச்சைப் பொட்டு. அமிலத்தில் உரித்து மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். குரோமேட் தொட்டியில் இரண்டு விநாடி கூடுதலாக இருந்தாலோ, கழுவல் சரியில்லாவிட்டாலோ மஞ்சள் இரும்பில் ஒட்டாது, கோதுமை மா மாதிரி மேலே கிடக்கும். பார்க்க நல்ல வடிவாக இருக்கும், நல்லதைவிட அழுத்தமான நிறமாக இருக்கும். ஆனால் வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியோடு வந்துவிடும். அதற்குத்தான் பச்சை.

தூரிகை என்று ஒன்று எங்களிடம் இருக்கவில்லை. என்னோடு அந்த மேசையில் வேலை செய்த வியட்நாம்காரி, தன் பிள்ளைகள் சாப்பிட்ட ஐஸ்கிரீமின் குச்சிகளைக் கழுவிக்கொண்டு வருவாள். அதன் முனையை வெட்டி, மையில் தோய்த்து வைப்போம். அதனால்தான் சதுரம். கழிப்பறைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய மைதான் அந்தப் பச்சை.

பச்சைப் பொட்டு விழுந்தவை மறுபடி தொட்டிக்குப் போக வேண்டும். பாதி போகாது. எங்கள் ஃபோர்மன் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பச்சைப் பொட்டுச் சாமான்களை அள்ளித் தன் வண்டியின் பின்னால் போடுவான். அவனுடைய தம்பிக்கு எங்கேயோ உதிரிப்பாகக் கடை இருந்தது. எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. விசா கையில் இல்லாத காலம்.

பிறகு சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் நான் ஒழுங்காக, படிப்பித்த காலத்தில் சொல்வது போல ஒவ்வொரு படியாகச் சொன்னேன். நல்ல சாமான் காருக்குள் போனது. காருக்குள் போனதை முப்பது வருடமாகப் பற்றரி அமிலம் தின்றது, மிச்சத்தைக் கார் திருத்துகிற கராஜ்காரன் எறிந்தான். பெட்டியில் பத்திரமாகத் தங்கியது களவாகப் போன கழிவு மட்டும்தான். ஆகவே இன்றைக்கு 'ஒருநாளும் பூட்டாதது' என்று கிடைப்பதில் எல்லாம் பச்சைப் பொட்டு இருக்கும். அது ஒப்புதல் இல்லை. 'இதைக் காருக்குக் கொடுக்காதே' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். சிரிக்கத்தான் போனாள்.

நிபுணர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் சேர்த்து வைத்தார்.

"மிகவும் சுவாரசியம். இதற்கு ஆவணம் ஏதாவது இருக்கிறதா?"

"பொட்டு வைத்தவள் இருக்கிறேன்."

"நிச்சயமாக. ஆனால் நினைவு என்பது ஒரு விசித்திரமான விஷயம். நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன், பூட்டாத பட்டை எதையும் பச்சை அடையாளம் இல்லாமல் பார்த்ததில்லை. எல்லாமே கழிவாக இருக்க முடியுமா?"

"எல்லாமே களவு போனது என்றால் இருக்க முடியும்."

அவர் புன்னகைத்தார். சின்னப் பிள்ளை படம் கீறிக்கொண்டு வந்து காட்டினால் புன்னகைப்போமே, அது. "தொட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்த பெண்களுக்கு அடையாளங்களின் பொருளை எல்லாம் சொல்லியிருப்பார்களா என்பதும் ஒரு கேள்வி" என்றார்.

தம்பி என் பக்கம் பேசவில்லை. "அக்கா, கன காலமாச்சுத்தானே. நிறம் மாறி ஞாபகம் இருக்கும்" என்று தமிழில் மெதுவாகச் சொன்னார். வெள்ளைக்காரர் முன்னால் என்னைக் காப்பாற்றுகிறாராம்.

நான் எழுந்தேன். மேசையில் தங்கச்சி விருந்தாளிக்காக எடுத்து வைத்த வெள்ளைத் துணி நாப்கின்கள் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போனேன். இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள், நான் ஏதோ காட்டப் போகிறேன் என்று. பட்டையைக் கையில் எடுத்து, துணியை அழுத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மூன்று தரம் துடைத்தேன். டாண்டினோங்கில் ஒரு நாளைக்கு நானூறு தரம் செய்த வேலை. கை மறக்கவில்லை.

துணியில் மஞ்சள். மாப்போல, தடிப்பாக. பட்டையில் துடைத்த இடம் வெளிறிக் கிடந்தது.

"ஐயோ அக்கா! என்ன வேலை செய்தனீங்கள்!" தம்பி பட்டையைப் பறித்தார். அழுகிற குரல். ஒருவரின் பல்லைப் பிழையாகப் பிடுங்கிவிட்டால்கூட அவர் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

"இப்ப விளங்குதோ? நல்ல பூச்சு துடைக்க வராது. இது கழிவு" என்றேன்.

நிபுணர் துணியை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியால் பார்த்தார். நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். படித்த மனிதர், சான்றைக் கண்ணால் கண்டால் ஏற்றுக்கொள்வார் என்று. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கோப்பைத் திறந்தார். எழுதிக்கொண்டே சொன்னார்:

"அற்புதம். இப்போது செய்கிற பூச்சு எதுவும் இப்படித் துணியில் ஒட்டுவதில்லை. எத்தனை சோதித்திருக்கிறேன். அசலை அடையாளம் காண இதைவிட நல்ல வழி இல்லை. அம்மணி, உங்களுக்கு மிகவும் நன்றி."

தம்பியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டை கெடவில்லை, நிரூபிக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் போடாத பஞ்சால் சுற்றி மறுபடி அலுமாரியில் வைத்தார்.

அடுத்த நாள் காலை மெல்பேர்னுக்கு, அந்த வியட்நாம்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். நாங்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் பேசுவோம். அவள் என்னைவிட அதிக காலம் அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றவள். மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்துவிட்டது. வைத்தியர் டார்ச் அடித்தபோது ஒரு பக்க வெளிச்சம் மறுபக்கத்தால் வந்ததாம். ஆழமாக மூச்சு இழுத்தால் அவளுக்கு விசில் கேட்கும்.

"பச்சை வைத்ததையா? அலுமாரியில் வைத்துக் கும்பிடுகிறார்களா?" என்று கேட்டாள்.

"கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள்."

அவள் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் விசில் வந்தது. "எங்களுக்கு அந்தக் கையுறையைத் தந்திருக்கலாம்" என்றாள். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. பிறகு, "நாங்கள் இன்னும் கொஞ்சம் பொட்டு வைத்திருக்கலாம். பாவம், தேடுகிறார்கள்" என்றாள்.

இந்தக் கதையில் நான் மதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காட்சி பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவில் நடந்தது. தங்கச்சி கெஞ்சியதால் போனேன். தம்பியின் கார் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு, பாரவண்டி ஒன்றின் முதுகில் ஏறி, போர்வைக்குள் வந்தது. இறக்கித் தள்ளித்தான் இடத்தில் நிறுத்தினார்கள். நடுவர்கள் மூன்று பேர். பாய் விரித்துப் படுத்து அடிப்பக்கம் பார்த்தார்கள். ஒருவர் காது துடைக்கிற பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு மஞ்சள் சாமானையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குச்சியில் மஞ்சள் வந்தால் தலையாட்டினார். என் சோதனை. நான் கழிவைப் பிடிக்க வைத்திருந்த சோதனை. தம்பி வாங்கியிருந்த அத்தனை கழிவும் பரீட்சையில் சித்தி எய்தின.

இரண்டு கார் தள்ளி அதே வகைக் கார் ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரர் குழாய் வேலை செய்கிறவர், நல்ல பருத்த உடம்பு, கார் புதுசாக வாங்கிய நாளிலிருந்து அவரிடமே இருக்கிறது. ஓட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். அவருடைய பட்டையில் ஒரு மூலையை அமிலம் தின்றிருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கிய, இறுகிய மஞ்சள். நடுவர் குச்சியால் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. பொட்டைத் தேடினார். அதுவும் இல்லை. 'பிற்காலத்துப் பிரதி' என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தார்.

அந்தப் பூங்காவில் ஒழுங்காகச் செய்யப்பட்ட பட்டை அது ஒன்றுதான். நான் குனிந்து பார்த்தேன். ஓரங்களில் எரியாமல், திட்டுத் திட்டாக இல்லாமல், சமமாக ஏறிய பூச்சு. நாங்கள் செய்ததாக இருக்கலாம், வேறு பட்டறை செய்ததாகவும் இருக்கலாம். யார் செய்திருந்தாலும் வேலை தெரிந்தவர்கள் செய்தது. நடுவர்கள் அப்பால் போனதும் அந்த மனிதரிடம் போய்ச் சொன்னேன். உங்களுடையதுதான் சரி, பச்சை என்றால் கழிவு, நானே வைத்தேன், எல்லாம் சொன்னேன்.

அவர் கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. இவராவது மனிதர் என்று நினைத்தேன்.

"அப்படியானால் அந்தப் பச்சையை உங்களுக்கு நல்லாகத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"சரியாக என்ன பச்சை?"

"கழிப்பறைக் கதவுக்கு அடித்தது."

அவர் கைத்தொலைபேசியை எடுத்து அதைப் பதிந்துகொண்டார். "அந்த மையின் இலக்கம் ஞாபகம் இருக்கிறதா?"

நான் தங்கச்சி இருந்த இடத்துக்கு வந்துவிட்டேன். அவள் மர நிழலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னவாம் அக்கா?"

"விசர் பிடிச்ச கூட்டம். எல்லாம் ஒண்டுதான்."

"அது எனக்கு முந்தியே தெரியுமே" என்றாள்.

தம்பிக்கு இயந்திரப் பகுதிக்கான முதல் பரிசு கிடைத்தது. ஒரு கிண்ணமும், கழுத்தில் போட ஒரு நாடாவும். நாற்பத்தைந்து வயதுக்காரர், அந்த நாடாவைக் கழற்றாமலே ஹரிஸ் பார்க்கில் எங்களை மசாலா தோசை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். பரிசாரகன் "வாழ்த்துகள் சார், எதுக்கு?" என்று கேட்டபோது "கார்" என்றார்.

எட்டு மாதத்தில் அந்தக் காரை பேர்த் நகரில் ஒருவருக்கு விற்றுவிட்டார். எல்லாம் சரியாகிவிட்ட பிறகு அதில் செய்வதற்கு அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போது பழைய கைக்கடிகாரங்களில் இறங்கியிருக்கிறார்.

நிபுணரின் கோப்பு பதிப்பாகி வந்தது. தம்பி ஒரு ஞாயிறு அதைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். பற்றரிப் பட்டைக்கு ஒரு முழுப் பக்கம். பச்சை அடையாளத்தின் படம், பெரிதாக்கியது. அடியில், 'இந்த அடையாளமும் துடைப்புச் சோதனையும் அந்நாளைய பூச்சுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரால் நேரில் உறுதிப்படுத்தப்பட்டவை' என்று இருந்தது.

"உங்களையும் போட்டிருக்கினம் அக்கா. பாருங்கோவன்" என்றார். என்னைக் கௌரவித்துவிட்டதாக நினைத்து அவர் கண் மினுங்கியது.

நான் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். பொட்டு எதற்கு, துடைப்பு எதற்கு, நான் எதை உறுதிப்படுத்தினேன், எதை உறுதிப்படுத்தவில்லை என்று இலக்கமிட்டு எழுதினேன். கீழே என் பட்டத்தையும் போட்டேன். முப்பது வருடத்தில் முதல்தரமாக அதை எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது, இவர்களிடமா இதைக் காட்டுகிறேன் என்று.

பதில் வந்தது. கழகத்தின் வருடாந்த இராப்போசனத்துக்குச் சிறப்பு விருந்தினராக வந்து, தொழிற்சாலை நினைவுகளைப் பத்து நிமிடம் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கடிதத்தில் நான் எழுதிய விஷயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உறுப்பினர்கள் தங்கள் பட்டைகளைக் கொண்டுவருவார்கள், நான் அவற்றில் கையொப்பமிட்டால் மகிழ்வார்கள் என்று பின்குறிப்பு இருந்தது.

நான் போகவில்லை. பதிலும் எழுதவில்லை. சாப்பாட்டுக்காகவாவது போயிருக்கலாம் என்று தங்கச்சி சொன்னாள். அந்தக் கூட்டத்தின் சாப்பாடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவித்த கிழங்கும் உப்பில்லாத இறைச்சியும். அதைச் சாப்பிடவும் முடியாது, நல்லாயிருக்கிறது என்று பொய் சொல்லவும் முடியாது.